வெட்டிய பாதமும் வெட்டாத பிள்ளைகளும்

சாமிக்கென்று வாங்கிய பொருளைச் சாமியிடம் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அது யாருடைய பொருள்? சாமியுடையதா, வாங்கியவளுடையதா? நான்கு வருடமாக இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. என் கணவரிடம் கேட்டேன். "அதையெல்லாம் இன்னும் வச்சிருக்கியா?" என்றார். அவருடைய அக்காவிடம் கேட்டேன். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் பதினொரு தகடுகள் இருக்கின்றன. அதில் இரண்டை நான் கத்தரியால் வெட்டியிருக்கிறேன். ஒன்றை வெட்ட முடியவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குத் தகடு என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். எங்கள் சங்கரன்கோவிலில் கோவிலுக்கு முன்னால் உள்ள கடைகளில் உப்பு, மிளகுப் பொட்டலங்களோடு இந்தத் தகடுகளையும் தொங்கவிட்டிருப்பார்கள். வெள்ளி போலப் பளபளக்கும். காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. அதில் கண், கை, வயிறு, பாம்பு, தேள் என்று உருவம் அழுத்தியிருக்கும். உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்தத் தகட்டை வாங்கி, நோயாளியைச் சுற்றி, கோமதி அம்மன் சன்னதி உண்டியலில் போட்டுவிட வேண்டும். நோவை அம்மன் வாங்கிக்கொள்வாள். அது உண்டியலுக்குப் போகாமல் வீட்டில் தங்கிவிடக் கூடாது. இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தகடுகளில் ஒற்றைக் கண் கிடையாது, இரண்டு கண்கள்தான். ஒரு காலில்தான் சுளுக்கு என்றாலும் தகட்டில் இரண்டு பாதங்கள் இருக்கும். ஒரு பல் வலித்தாலும் வாய் நிறையப் பல் வரிசை. கடையில் கேட்கும்போது "ஒரு பாதம் கொடுங்க" என்போம், இரண்டு பாதம் பதித்த ஒரு தகடு கிடைக்கும். அதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

என் மூத்த மகளுக்கு நான்கு வயதானபோது பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் இங்கிலீஷ் மீடியம் நர்சரிப் பள்ளி வந்தது. தறி ஓடிக்கொண்டிருந்த ஒரு நீளக் கட்டடத்தைக் காலி செய்து, வெள்ளையடித்து, தட்டி வைத்து மறைத்து, மூன்று வகுப்பாக்கியிருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் டீச்சர்கள் எல்லோரும் கத்தித்தான் பாடம் நடத்துவார்கள். எங்கள் தெருவில் இருந்து அங்கே போன முதல் பிள்ளை என் மகள். நான் பி.யூ.சி. வரை படித்தவள், எல்லாம் தமிழில். என் கணவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். பிள்ளையை அங்கே சேர்க்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். வீட்டில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு என்றும் அவர்தான் சொன்னார்.

நானும் பொறுப்பாகத்தான் செய்தேன். தினமும் சாயங்காலம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். பிள்ளை படத்தைப் பார்க்கும், என் முகத்தைப் பார்க்கும், கண் கலங்கும். புத்தகத்தில் இருந்த ஆப்பிளை அவள் பார்த்ததில்லை. கப்பலைப் பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை "மிஸ்". நோட்டில் சிவப்பு மையில் வரும் ஒவ்வொரு கோட்டையும் எனக்குப் போட்டதாகவே நினைப்பேன். என் சொல்லிக்கொடுக்கும் விதம்தான் சரியில்லையோ, உச்சரிப்பு சரியில்லையோ, பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் ஏதும் சரியாகச் சாப்பிடவில்லையோ என்று என்னவெல்லாமோ தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வாசல்படியில் தடுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியது. என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுவேன், எதிர் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகள்மேல் உயிர். அன்றைக்கே ஒரு பாதத் தகடு வாங்கி வந்து, பிள்ளையின் காலை மூன்று சுற்றுச் சுற்றி, வீக்கம் வடிந்ததும் அவளையும் கூட்டிப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வரும்படி என் கையில் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சன்னதியில் நல்ல கூட்டம். வரிசையில் நிற்கும்போது பிள்ளை சிணுங்கினாள். சும்மா இருக்கட்டும் என்று தகட்டைக் கையில் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சின்னப் பாதங்களின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"அம்மா, இதுக்கு மிஸ் என்ன சொல்லுவாங்க?"

அவளாக இங்கிலீஷில் ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. "ஃபீட்" என்றேன். "திஸ் ஈஸ் எ ஃபீட்."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். முன்னால் நின்றவரின் காலைப் பார்த்தாள். "ஃபீட், ஃபீட்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உண்டியல் முன்னால் வந்ததும் தகட்டைப் போடச் சொன்னேன். மூடிய கையைத் திறக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். நான்கு வயதுப் பிள்ளையின் கையைப் பிரிப்பது பெரிய காரியமா? பிரித்திருக்கலாம். நான் பிரிக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றுவரை மதினி சொன்ன எதையும் நான் மீறியதில்லை.

மறுநாள் காலையில் எழுந்ததும் அவள் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் தகட்டை எடுத்து "ஃபீட்" என்றாள். பிறகு நான் நிறுத்தவில்லை.

வாரத்துக்கு ஒன்று என்று தகடு வாங்க ஆரம்பித்தேன். கடைக்காரர் வயதானவர், அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பல் தகடு கேட்டபோது, "யாருக்கு தாயி பல்வலி?" என்றார். நான் ஏதோ முனகினேன். அடுத்த வாரம் கண். "கண்ணுமா?" என்றார். அதற்கடுத்த வாரம் கை. அதற்கடுத்து காதும் தேளும் சேர்த்துக் கேட்டபோது அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"தாயி, நான் கேக்கேன்னு தப்பா எடுத்துக்கிடாதிய. வீட்டுல ஒருத்தருக்கு எல்லா நோவுமா, இல்ல ஆளுக்கு ஒண்ணா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் அண்ணாச்சி."

"நல்லா இருக்கவுக எதுக்கு தாயி தேளு வாங்குதிய?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பயமாகவும் இருந்தது. ஆனால் வீட்டில் பிள்ளை தகடுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு, "ஐஸ், இயர்ஸ், டீத்" என்று சொல்லும்போது பயம் போய்விடும். அப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை உண்டாகி மூன்று மாதம். வீட்டாரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கடைசியாக ஒரு நாள், இரண்டு பிள்ளைகள் கைகோத்து நிற்கிற தகட்டை வாங்கினேன். பிள்ளை வரம் கேட்பவர்கள் போடுவது அது. அண்ணாச்சி முகம் மலர்ந்து, "இத முதல்லயே வாங்கியிருக்கணும் தாயி" என்று சொல்லிக் கொடுத்தார். "திஸ் ஈஸ் எ சில்ட்ரன்" என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

தப்பென்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒருமை, பன்மைப் பட்டியலை மனப்பாடம் செய்து பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கியவள்தான் நான். ஆனால் அது பரீட்சைத் தாளோடு போயிற்று. வாயில் இருந்தது ஊர் பேசிய இங்கிலீஷ். சுவர் வைக்கும் கொத்தனார் "ஒரு ஃபீட் தள்ளி வைப்பா" என்பார். பல் டாக்டர் "அந்த ஒரு டீத்தை எடுத்துட்டாச் சரியாப் போவும்" என்றார். கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் கண்டக்டர் "ஒரு லேடீஸ் எறங்குது, ஹோல்டான்!" என்று கத்தினால் ஒரே ஒரு பெண்தான் இறங்குவாள், யாரும் இன்னொருத்தியைத் தேட மாட்டார்கள். அந்த ஊரில்தான் நானும் பேசினேன், அதையேதான் என் பிள்ளைக்கும் கொடுத்தேன். வெட்கப்பட்டு எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

வருடக் கடைசியில், மேல் வகுப்புக்குப் போகும் முன்னால், பெற்றவர்களையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேள்வி கேட்டார்கள். பெரிய மிஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிற தலைமை ஆசிரியை நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு இளம் டீச்சர்கள். சுவரில் உடம்பு உறுப்புகளின் படம். நானும் என் கணவரும் பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம்.

பெரிய மிஸ் குச்சியால் ஒரு பாதத்தைத் தொட்டார். "வாட் ஈஸ் திஸ்?"

"ஃபீட்!"

ஒரு பல்லைத் தொட்டார்.

"டீத்!"

ஒரு பையனின் படத்தைத் தொட்டார். என் மகளுக்கு இதுதான் மிகவும் பிடித்தது. எழும்பிக் குதித்து, முழு வாக்கியமாகச் சொன்னாள். "திஸ் ஈஸ் எ சில்ட்ரன்!"

இளம் டீச்சர்கள் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளை தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னாள். பெரிய மிஸ் சிரிக்கவில்லை.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

"எங்கம்மா!" என்று என்னைக் கைகாட்டினாள். எவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

பெரிய மிஸ் மேஜை டிராயரில் இருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார். எனக்கு முன்னாலும் யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள் போல. இனிமேல் வீட்டில் பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்று தாயார் உறுதி கூறுவதாக அதில் இருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா மேல் வகுப்புக்கு அனுப்புறோம். இல்லன்னா இந்த வகுப்புலேயே இன்னொரு வருஷம் இருக்கட்டும். நீங்க தப்பாச் சொல்லிக் கொடுத்து அனுப்புறதை அழிக்கவே எங்களுக்கு ஆறு மாசம் ஆகும். அன்பா இருங்க, சோறு ஊட்டுங்க. இங்கிலீஷை எங்ககிட்ட விட்டுருங்க."

என் கணவர் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டார். நான் வாங்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, பக்கத்தில் தறி ஓடியது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவர் சொன்னார், "ஒரு கையெழுத்துதானட்டி. ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நான் அம்பது போடுதேன்."

"நீங்க ஊரார் காயிதத்துல போடுதிய. இது என் வாய அடைக்கிற காயிதம்."

"அவங்க படிச்சவங்க. சரியாத்தான சொல்லுதாங்க? ஒரு ஃபீட்டுன்னு எவளாவது சொல்லிக் குடுப்பாளா?"

"நேத்து ராத்திரி சாப்பிடும்போது நீங்க என்ன சொன்னிய? 'ஒரு ஃபீட் இடத்துக்கு அண்ணனும் தம்பியும் மனு மேல மனுவாப் போடுதானுவ'ன்னு சொல்லலையா?"

"அது ஆபீஸ் பாஷை" என்றார். பிள்ளை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து, "சில்ட்ரன், சில்ட்ரன்" என்று பாடிக்கொண்டு வந்தாள்.

வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து அழுதேன். பெரிய மிஸ் சொன்னது பொய்யில்லையே. நான் தப்பாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தெரியாத ஒருத்தி தள்ளி நிற்பதுதானே பிள்ளைக்கு நல்லது? கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? ஆனால் போட்டால், நாளைக்கு அவள் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து "அம்மா, இதுக்கு என்ன?" என்று கேட்டால், நான் என்ன சொல்ல வேண்டும்? எனக்குத் தெரியாது, மிஸ்ஸிடம் கேள் என்றா? ஒரு தடவை சொல்லலாம், இரண்டு தடவை சொல்லலாம். மூன்றாம் தடவை அவள் என்னிடம் வர மாட்டாள்.

இரண்டு நாளில் பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் உப்பிக் காய்ச்சலோடு படுத்துவிட்டாள். மதினி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளை கழுத்தில் போட்டார்கள். அப்படியே உண்டியலில் போட ஒரு தகடும் வாங்கி வருகிறேன் என்று கோவில் கடைக்குப் போனார்கள். போனவர்கள் கால் மணி நேரத்தில், முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்கள்.

"ஏட்டி, கடைக்கார அண்ணாச்சி என்னமோ சொல்லுதாரு. பல்லு, கண்ணு, காது, தேளுன்னு வாராவாரம் வாங்கியிருக்கியாமே? போன மாசம் பிள்ளைத் தகடும் வாங்குனியாம். 'உங்க வீட்டுல நல்ல சேதியா'ன்னு எங்கிட்டக் கேக்காரு. எனக்குத் தெரியாம இந்த வீட்டுல யாருக்குட்டி என்ன நோவு?"

மறைக்க முடியவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்தவர்கள் அதைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். அவர்கள் சுற்றிக் கொடுத்த பாதத் தகடு மேலேயே கிடந்தது.

"அடிப்பாவி! நான் சுத்திக் குடுத்தது. இத உண்டியல்ல போடலையா?"

"பிள்ளைக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்க வச்சிருந்தேன் மதினி."

"ஊருல உள்ள நோவையெல்லாம் டப்பாவுல அடைச்சு வச்சுக்கிட்டு, பாடமா? பல்லுத் தகட வீட்டுல வச்ச, பிள்ளைக்குத் தாடை வீங்கிட்டு. நீ வயித்துல வேற வச்சிருக்கே. ஒனக்குப் பயமே இல்லையாட்டி?"

பயம் இல்லாமல் என்ன? எனக்கு எதற்குத்தான் பயமில்லை? பிள்ளையின் நெற்றி சுட்டுக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்துக்கொள்ளும்படி மதினியிடம் சொல்லிவிட்டு, அந்த நேரமே டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன்.

அன்று கூட்டம் இல்லை. சன்னதி முன்னால் உண்டியலும் நானும்தான். பாதத் தகட்டை எடுத்து உண்டியல் வாய்க்கு நேராக வைத்தேன். பாதி உள்ளே போயிருக்கும். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருந்தது. ஆயாகூடச் சொன்னாள். அத்தனை வீட்டிலுமா டப்பாவில் பல் தகடு இருந்தது?

இதைப் போட்டால், பெரிய மிஸ் சொன்னதும் சரி, மதினி சொன்னதும் சரி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். சொல்லிக் கொடுத்ததால் பிள்ளைக்குப் படிப்பு கெட்டது. சொல்லிக் கொடுத்ததால் பிள்ளைக்கு உடம்பு கெட்டது. ஆக, என் பிள்ளைக்கு வந்த எல்லாக் கேட்டுக்கும் காரணம் நான் வாயைத் திறந்ததுதான். இந்த ஓர் ஆண்டில் அவள் முகம் வெளிச்சமானதே, அதற்கு மட்டும் நான் காரணம் இல்லையா?

தகட்டை வெளியே இழுத்தேன். அம்மனைப் பார்த்து, வாய்விட்டே சொன்னேன். "தப்பாச் சொன்னது நான். இந்தத் தகடு ஒண்ணும் பண்ணல. நானே திருத்திட்டு வாரேன். அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்." நோவுக்குப் பூச அங்கே பிரசாதமாகத் தரும் புற்றுமண் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மதினி அடுக்களையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை விழித்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தையல் மெஷின் டிராயரில் இருந்து கத்தரியை எடுத்தேன். பாதத் தகட்டை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு பாதத்துக்கும் நடுவே கத்தரியை வைத்தேன். காணிக்கையை வீட்டில் வைத்ததே தப்பு என்றால் அதை வெட்டுவதற்கு என்ன பேர்? நறுக்கென்று ஒரே சத்தம். அவ்வளவுதான்.

பிள்ளை வீங்கிய கன்னத்தோடு என்னைப் பார்த்தாள். "அம்மா, கால வெட்டிட்டே! அதுக்கு வலிக்காதா?"

"வலிக்காது. இங்கன பாரு. இது ஒண்ணு, ஃபுட். இது ஒண்ணு, இதுவும் ஃபுட். ரெண்டையும் சேத்து வச்சாத்தான் ஃபீட். அம்மா முன்ன சொன்னது தப்பு."

அவள் இரண்டு துண்டையும் பிரித்து வைத்தாள், சேர்த்து வைத்தாள். பிரித்தால் "ஃபுட்", சேர்த்தால் "ஃபீட்". அந்தக் கன்னத்தோடு சிரிக்க முடியாமல் சிரித்தாள். பல் தகட்டிலும் ஓரப் பல் ஒன்றை வெட்டி எடுத்து, "டூத்" என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அழிக்க ஆறு மாதம் ஆகும் என்று பெரிய மிஸ் சொன்னாரே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பிள்ளைத் தகட்டை எடுத்தேன். ஒன்று கொஞ்சம் உயரம், ஒன்று குட்டை. இரண்டும் கைகோத்து நின்றன. கோத்த கைக்கு நேராகக் கத்தரியைக் கொண்டு போனேன். அப்போது என் வயிற்றில் இருந்ததற்கு நான்கு மாதம். வேறு எதையும் சொல்லத் தெரியவில்லை, என்னால் முடியவில்லை. கத்தரியை டிராயரில் போட்டு மூடிவிட்டேன்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த மதினி துண்டான பாதங்களைப் பார்த்துவிட்டார்கள். கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு, பிள்ளைத் தகட்டை எடுத்து, அது முழுசாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு டப்பாவின் அடியில் வைத்து, "நீ என்ன பிறவியோட்டி" என்று மட்டும் சொன்னார்கள்.

பத்து நாளில் வீக்கம் வடிந்தது. டப்பாவை எடுத்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நான் தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரிய மிஸ் மேஜையில் தகடுகளைப் பரப்பினேன். அவரும் கோவிலுக்குப் போகிறவர்தான். பார்த்ததும் கையை மேஜையில் இருந்து எடுத்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"இத வச்சுத்தான் சொல்லிக் குடுத்தேன். இதுல எல்லாம் ரெட்டையாத்தான் இருக்கும். எம் பிள்ளை கண்ணால பாத்ததச் சொன்னா. நான் சொல்லிக் குடுத்த பேரு தப்பு. இப்பத் திருத்திட்டேன், நீங்களே கேட்டுப் பாருங்க."

"கையெழுத்து?" என்று அந்தத் தாளை மறுபடி எடுத்து வைத்தார்.

"போட மாட்டேன் மிஸ். தப்பாச் சொல்லிக் குடுத்தவதான். திருத்தவும் எனக்குத் தெரியும். பெயிலாப் போட்டாலும் போடுங்க. வீட்டுல சொல்லிக் குடுக்கிறத நிறுத்த மாட்டேன்."

அவர் குச்சியை எடுத்துப் படத்தில் பாதத்தைத் தொட்டார். "ஃபுட்" என்றாள் என் மகள். பல்லைத் தொட்டார். "டூத்." பெரிய மிஸ் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பையனின் படத்தைத் தொட்டார்.

"சில்ட்ரன்!"

எனக்குத் தெரியும், அது வரும் என்று.

"இதை மட்டும் ஏன் திருத்தல?"

நான் பிள்ளைத் தகட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "மத்த ரெண்டையும் வெட்டிக் காமிச்சேன். இத வெட்ட மனசு வரல மிஸ். எதையும் வெட்டாமலே வாயால சொல்லிக் குடுத்திருக்கலாம். ஆனா அவளுக்குக் கையில இருந்தாத்தான் ஏறுது."

அவர் அந்தத் தகட்டை வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை. என் வயிற்றையும் பார்த்தார், அப்போது வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. டிராயரைத் திறந்து அந்தத் தட்டச்சுத் தாளை உள்ளே போட்டார்.

"எடுத்து உள்ள வைங்க. ஜூன்ல மேல் வகுப்புக்கு வரச் சொல்லுங்க." நான் வாசலைத் தாண்டும்போது, "அந்த ஒண்ணை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அதுவரை ஒழுங்காகப் பேசிய பெரிய மிஸ் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்ததை அன்றுதான் கேட்டேன்.

இப்போது மூத்தவள் மூன்றாம் வகுப்பு. அவள் அப்பா "ஒரு ஃபீட்" என்றால் அவரைத் திருத்துகிறாள். அவர் இன்னமும் "அது ஆபீஸ் பாஷை" என்கிறார். அன்று வயிற்றில் இருந்தவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அதே பள்ளியில் ஜூனில் சேர்க்க வேண்டும். போன வாரம் டப்பாவை இறக்கினேன். மூத்தவள் பாதத் துண்டுகளைத் தங்கை கையில் கொடுத்து, என்னைப் போலவே பிரித்தும் சேர்த்தும் காட்டினாள். பிறகு அடியில் இருந்த பிள்ளைத் தகட்டை எடுத்தாள்.

"உயரமா இருக்கது நான். குட்டையா இருக்கது நீ."

"நாந்தான் உயரம்" என்று சின்னவள் சண்டைக்குப் போனாள்.

"அம்மா, இத வெட்டி ஆளுக்கு ஒண்ணு குடுத்துரட்டுமா?" என்று மூத்தவள் கத்தரியை எடுக்கப் போனாள். நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளும் என்னை வினோதமாகப் பார்த்தார்கள்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். மதினி, வெட்டியதோ வெட்டாததோ எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில் கழுவி உண்டியலில் போட்டுவிடச் சொல்கிறார்கள். திருத்தும்வரை என்னிடம் இருக்கட்டும் என்றுதான் அம்மனிடம் சொன்னேன், அதனால் மதினி சொல்வது நியாயமாகவும் படுகிறது. ஆனால் அதில் ஒன்றை நான் இன்னும் திருத்தவில்லையே. சின்னவளுக்கும் இதே டப்பாவை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கப்போகிறேன், அதை யார் சொன்னாலும் விடமாட்டேன். உண்டியலில் போடு என்கிற யோசனை எனக்கு வேண்டாம். வேறு ஒரு யோசனைதான் வேண்டும். கைகோத்து நிற்கிற இந்த இரண்டில் ஒன்றை மட்டும் காட்டி, இது ஒரு பிள்ளை என்று சொல்லிக் கொடுக்க, கத்தரி வைக்காமல் ஏதாவது வழி உண்டா? பிள்ளை பெற்றவர்கள், டீச்சராக இருப்பவர்கள், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஜூனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.